தறிக்குழியிலிருந்து மீண்ட பிள்ளைக்கு என்ன கொடுத்தோம்?

(காஞ்சிபுரத்தில் இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குழந்தை வளர்ப்பு பற்றி இன்று பேசப் போகிறார்கள் என்று அறிவித்தவுடன், "இது பெண்களுக்குச் சொல்ல வேண்டிய செய்தியாயிற்றே! கடை வைத்திருப்பவர்களையும் வாலிபர்களையும் கூட்டி வைத்து இதைப் பேசுவானேன்?" என்று சிலர் கேட்டார்களாம். அந்தக் கேள்வியிலேயே நம் குறை இருக்கிறது. கடைக்காரர் இரவு பத்து மணிக்கு ஷட்டரை இறக்குகிறார். வீட்டுக்குப் போய்ச் சேரும்போது பிள்ளை உறங்கிவிட்டது. காலையில் பிள்ளை பள்ளி வேனுக்கு ஓடுகிறது. அவர் கடைக்கு ஓடுகிறார். "யாருக்காக இத்தனை பாடுபடுகிறீர்கள்?" என்று கேட்டால், "பிள்ளைகளுக்காகத்தான்" என்கிறார். உண்மைதான். ஆனால் அந்தப் பிள்ளைக்கு அத்தாவின் பணம் தெரிகிறது, அத்தாவைத் தெரியவில்லை. ஆகவே இந்தப் பேச்சு முதலில் ஆண்களுக்குத்தான்.

இந்த ஊரில் நின்று பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது, இந்த ஊரின் தறியைத் தொடாமல் பேச முடியாது.

தறியில் கரைந்த பிள்ளைப் பருவம்

காஞ்சிபுரம் பட்டின் பெருமை கோர்வைச் சேலையில் இருக்கிறது. உடல் ஒரு நிறம், இரு பக்கக் கரையும் வேறு நிறம். இரண்டையும் இழைக்கு இழை கோத்து நெய்ய மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். ஒரு பக்கத்தை நெசவாளி பார்த்துக் கொள்வார். மறுபக்கக் கரைக்கு நாடா தள்ளிக் கொடுக்க, அவர் பக்கத்தில் இன்னோர் ஆள் வேண்டும். நெடுங்காலம் அந்த இன்னோர் ஆள் யார்? பெரும்பாலும் ஒரு சிறுவன், அல்லது ஒரு சிறுமி! குடும்பத்துக்கு அவசரமாகப் பணம் தேவைப்படும். தறி வைத்திருப்பவரிடம் முன்பணம் வாங்குவார்கள். அந்தக் கடன் தீரும்வரை பிள்ளை அந்தத் தறியில் உட்கார வேண்டும். கடன் தீராது; பிள்ளைப் பருவம் தீர்ந்துவிடும்.

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976ல் வந்தது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986ல் வந்தது. ஆனாலும் 2003 ஜனவரியில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு இந்தியப் பட்டுத் தொழிலைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டபோது, கர்நாடகம், உத்தரப்பிரதேசம் ஆகியவற்றோடு நம் காஞ்சிபுரமும் அதில் இடம்பெற்றது. உலகமே மெச்சும் சேலை நெய்த ஊருக்கு இது தலைகுனிவு அல்லவா?

அரசுத் துறைகளும், தொண்டு நிறுவனங்களும், சிறப்புப் பள்ளிகளும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தம் பிள்ளையாவது படிக்கட்டும் என்று வயிற்றைக் கட்டிய நெசவாளத் தாய் தந்தையரும் சேர்ந்துதான் நிலைமையை மாற்றினார்கள். 2009ல் இயற்றப்பட்ட கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தறிக்குழியில் பிள்ளைகளைப் பார்ப்பது முன்போல இல்லை. இதற்காக மகிழ வேண்டும்.

ஆனால் சகோதரர்களே, தறியிலிருந்து எழுந்து வந்த அந்தப் பிள்ளைக்கு நாம் என்ன கொடுத்தோம்? இரண்டரை வயதில் புத்தகப் பையைக் கொடுத்தோம். மூன்று வயதில் வீட்டுப்பாடம் கொடுத்தோம். நான்கு வயதில் டியூஷன் கொடுத்தோம். சோறு ஊட்டும் நேரத்தில் கையில் செல்போனைக் கொடுத்தோம். கொஞ்சம் வளர்ந்தவுடன் கடையில் ஒரு மூலையைக் கொடுத்தோம். விளையாட்டை மட்டும் யாரும் கொடுக்கவில்லை.

குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016ல் ஒரு திருத்தம் செய்தார்கள். 14 வயதுக்கு உட்பட்டவர்களை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்று சொல்லிவிட்டு, பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவி செய்யலாம் என்று ஒரு கதவையும் திறந்து வைத்தார்கள். அந்தக் கதவு வழியாக நம் கடைகளுக்குள்ளும் பிள்ளைகள் வருகிறார்கள். எட்டு வயதுப் பிள்ளை கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கணக்குச் சொன்னால் நமக்குப் பெருமையாக இருக்கிறது. அரை மணி நேரம் அத்தாவோடு நின்று நாலு மனிதரைப் பார்த்துப் பழகுவது நல்லதுதான். ஆனால் நாள்தோறும் மாலை முழுவதும் அங்கேயே கழிந்தால் அந்தப் பிள்ளை எப்போது ஓடும்? எப்போது விளையாடும்?

விளையாட்டு வீண் பொழுதா?

விளையாட்டு என்றால் வேலை இல்லாதவன் செய்யும் வேலை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். "விளையாடியது போதும், உருப்படியாக ஏதாவது செய்" என்று அதட்டுகிறோம். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு விளையாட்டை விட உருப்படியான காரியம் வேறு கிடையாது என்பதுதான் மருத்துவமும் கல்வியியலும் இன்று ஒரே குரலில் சொல்லும் செய்தி.

பிள்ளை பிறந்து ஆறு ஆண்டுகளுக்குள் அதன் மூளை, வளர்ந்த மனிதனின் மூளைப் பருமனில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கை எட்டிவிடுகிறது. அந்த மூளையின் நரம்பு இணைப்புகள் புழங்கப் புழங்க உறுதிப்படுகின்றன. பார்ப்பது, தொடுவது, கேட்பது, பேசுவது, விழுந்து எழுவது எல்லாம் அந்தப் புழக்கம்தான். உங்களுக்குத் தெரிந்த தொழிலிலேயே சொல்கிறேன். முதலில் பாவு ஒழுங்காக இருந்தால்தான் ஊடை ஒழுங்காக ஓடும். பாவு சிக்கலாக இருக்கும்போது எவ்வளவு உயர்ந்த ஜரிகையைக் கொண்டு வந்தாலும் சேலை நேராகாது. ஆறு வயது வரை உள்ள காலம் பாவு. பள்ளிக்கூடம் கொடுப்பது ஊடை.

ஒரு சிறுமி சொப்புச் சாமானை வைத்துக் கொண்டு சோறு பொங்குகிறாள். இல்லாத அடுப்பை இருப்பதாக நினைக்கிறாள். இல்லாத விருந்தாளிக்குப் பரிமாறுகிறாள். கண்ணெதிரே இல்லாத ஒன்றை மனதில் நிறுத்தும் பயிற்சி இது. பின்னால் எழுத்தையும் எண்ணையும் கற்க இதுதான் அடித்தளம். கண்ணாமூச்சியில் பத்து எண்ணும் வரை கண்ணைத் திறக்காமல் இருக்கும் பிள்ளை, தன்னை அடக்கிக் கொள்ளக் கற்கிறது. நொண்டி ஆடும் பிள்ளைக்குக் காலும் கண்ணும் ஒத்துழைக்கப் பழகுகின்றன. பல்லாங்குழியில் 14 குழிகளுக்கும் காய்களைப் பிரித்துப் போடும் பிள்ளை, அடுத்த ஆட்டத்தை முன்கூட்டியே கணக்குப் போடுகிறது. தோற்றபின் மறுபடி ஆட வருகிறதே, அதுவும் ஒரு பாடம். நாளைக்கு வியாபாரத்தில் ஒரு நஷ்டம் வந்தால் மனம் உடையாமல் நிற்க வேண்டுமானால், இன்று பம்பரத்தில் தோற்றுப் பழக வேண்டும்!

நம் முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். தமிழில் பிள்ளைத்தமிழ் என்று ஓர் இலக்கிய வகை உண்டு. நம் இஸ்லாமியப் புலவர்களும் அதில் பாடியிருக்கிறார்கள். அதன் பருவங்களை வரிசையாகப் பாருங்கள். குழந்தை தலை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை. கை கொட்டுவது சப்பாணி. தளர்நடை நடந்து வருவது வருகை. நிலாவைக் கூப்பிடுவது அம்புலி. பிறகு சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்று விளையாட்டுகள். இன்று குழந்தை மருத்துவர் சுவரில் மாட்டி வைத்திருக்கும் வளர்ச்சி அட்டவணைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. எந்தப் பருவத்திலும் குழந்தை தனியாக விடப்படவில்லை என்பதையும் கவனியுங்கள். கொட்டச் சொல்லவும், வரச் சொல்லவும், நிலாவைக் காட்டவும் பெரியவர் ஒருவர் எதிரில் இருக்கிறார்.

இத்தாலியில் மரியா மாண்டிசோரி என்ற பெண் மருத்துவர், ரோம் நகரின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் 1907ல் குழந்தைகளுக்கான இல்லம் ஒன்றைத் தொடங்கினார். கையால் தொட்டு, எடுத்து, அடுக்கிப் பழகினால் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளையும் யாருக்கும் குறையாமல் கற்கும் என்று காட்டினார். அவர் 1939ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். உலகப் போர் மூண்டதால் சில ஆண்டுகள் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது, கொடைக்கானலிலும் இருந்தார். இன்று அவர் பெயரைப் பலகையில் எழுதி வைத்துக் கொண்டு, மூன்று வயதுப் பிள்ளைக்கு இரண்டு பக்கம் எழுதி வரச் சொல்லும் பள்ளிகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. பலகையைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். உள்ளே போய்ப் பாருங்கள். பிள்ளைகள் பேசுகிறார்களா, ஓடுகிறார்களா, மணலும் தண்ணீரும் தொடுகிறார்களா என்று பாருங்கள்.

வணிகர்களுக்கு ஒரு கணக்கு

வணிகர்கள் லாபம் கேட்பவர்கள். ஆகவே ஒரு கணக்குச் சொல்கிறேன். ஜமைக்கா தீவின் தலைநகரான கிங்ஸ்டனில் 1986-87ல் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். சத்துக் குறைவால் வளர்ச்சி குன்றிய 129 ஏழைக் குழந்தைகளை எடுத்துக் கொண்டார்கள். எல்லாருக்கும் வயது ஒன்பது மாதத்திலிருந்து இரண்டு ஆண்டுக்குள். அவர்களைப் பிரித்து, சிலருக்குச் சத்துப் பால்மாவு கொடுத்தார்கள். வேறு சிலர் வீட்டுக்கு வாரம் ஒரு முறை, ஒரு மணி நேரம், சுகாதாரப் பணியாளர் ஒருவர் போனார். வீட்டில் கிடைக்கும் பொருள்களால் செய்த பொம்மைகளை வைத்துக் கொண்டு, பிள்ளையோடு எப்படிப் பேசுவது, எப்படி விளையாடுவது என்று தாய்க்குக் காட்டிக் கொடுத்தார். இரண்டும் பெற்றவர்களும் உண்டு. எதுவும் பெறாதவர்களும் உண்டு. இரண்டு ஆண்டுகள் இப்படி நடந்தது.

ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து அதே பிள்ளைகளைத் தேடிப் பிடித்தார்கள். முடிவு 2014ல் வெளியானது. தாயோடு விளையாடும் பயிற்சி கிடைத்த பிள்ளைகள், கிடைக்காதவர்களை விட 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்துக் கொண்டிருந்தார்கள். பால்மாவு மட்டும் பெற்றவர்களிடம் அந்த நீண்ட நாள் பலன் தென்படவில்லை. சோறு வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் சோறு மட்டும் போதாது. வாரத்துக்கு ஒரு மணி நேரம், காசில்லாத பொம்மை, சிரித்த முகம்! இதை விடக் குறைந்த முதலில் இவ்வளவு லாபம் தரும் வியாபாரம் எந்தப் பஜாரில் இருக்கிறது?

பெருமானார் காட்டிய முன்மாதிரி

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு சமுதாயத்தையே தலைமை தாங்கி நடத்தியவர்கள். நம்மில் எந்த வணிகருக்கும் அவர்களை விட வேலை அதிகம் இருக்க முடியாது. அவர்கள் பேத்தி உமாமாவைச் சுமந்து கொண்டே தொழுதிருக்கிறார்கள். சஜ்தாவில் இருக்கும்போது பேரப்பிள்ளை முதுகில் ஏறிக் கொண்டால், அது இறங்கும் வரை சஜ்தாவை நீட்டியிருக்கிறார்கள். அபூ உமைர் என்ற சிறுவன் வளர்த்த சின்னஞ்சிறு பறவை இறந்தபோது, அவனிடம் போய் அந்தப் பறவையைப் பற்றிப் பரிவோடு விசாரித்தார்கள். தமக்குப் பத்துப் பிள்ளைகள் இருந்தும் ஒருவரையும் முத்தமிட்டதில்லை என்று ஒரு குலத் தலைவர் சொன்னபோது, இரக்கம் இல்லாதவருக்கு இரக்கம் எட்டாது என்பதை உணர்த்தினார்கள். தாடியிலும் தலைப்பாகையிலும் சுன்னத்தைத் தேடும் நாம், பிள்ளையை முதுகில் ஏற்றிக் கொள்ளும் சுன்னத்தை ஏன் மறந்தோம்?

அடியும் அச்சமும்

பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்றால் என்ன செய்கிறோம்? அடிக்கிறோம். அல்லது பயமுறுத்துகிறோம். "பூச்சாண்டி பிடித்துக் கொண்டு போவான்", "போலீஸ்காரரைக் கூப்பிடுவேன்", "டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன்". பிறகு உண்மையிலேயே காய்ச்சல் வந்து மருத்துவமனைக்குப் போனால் பிள்ளை வாசலிலேயே அலறுகிறது. போலீஸைக் கண்டால் ஒளிகிறது. வழி தவறிய பிள்ளை உதவி கேட்க வேண்டிய ஆளையே எதிரியாக்கி வைத்தது யார்? நாம்தான்.

பள்ளியில் பிள்ளையை அடிக்கவோ மனம் நோகச் செய்யவோ கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. வீட்டிலும் கூடாது என்று உலகில் முதன்முதலாக ஸ்வீடன் 1979ல் சட்டம் செய்தது. நமக்குச் சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டுமா? அடி வாங்கிய பிள்ளை, தவறு செய்யக் கூடாது என்று கற்பதில்லை. அகப்படக் கூடாது என்று கற்கிறது. வலுத்தவன் இளைத்தவனை அடிக்கலாம் என்றும் கற்கிறது.

அப்படியானால் செல்லம் கொடுத்துக் கெடுக்கச் சொல்கிறேனா? இல்லை. வீட்டுக்குச் சில விதிகள் வேண்டும். அவை குறைவாக இருக்கட்டும். ஆனால் நாளைக்கு ஒரு மாதிரி மாறாமல் இருக்கட்டும். அம்மா வேண்டாம் என்றதை அத்தா வாங்கிக் கொடுக்கக் கூடாது. "ஓடாதே" என்று கத்துவதை விட "இங்கே மெல்ல நட" என்று செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள். நல்லது செய்தால் இன்னது நன்றாகச் செய்தாய் என்று பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். அண்ணனோடும் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடும் ஒப்பிடாதீர்கள். "மக்கு", "சனியன்" என்ற சொற்கள் நம் வீட்டில் ஒலிக்கக் கூடாது. பிள்ளை அடம்பிடித்து அழும்போது நாமும் சேர்ந்து கத்தினால் அது யாரைப் பார்த்து அமைதியைக் கற்கும்?

இன்னொரு செய்தி. நம்மில் பல வீடுகளில் உர்தூ பேசுகிறோம். தெருவில் தமிழ். பள்ளியில் ஆங்கிலம். பிள்ளை குழம்பிவிடும் என்று பயந்து, நமக்கே சரியாக வராத ஆங்கிலத்தில் நாலு வார்த்தை பேசுகிறோம். வேண்டாம். எந்த மொழியில் உங்களால் கதை சொல்லவும், கொஞ்சவும், வேடிக்கை பேசவும் முடியுமோ அந்த மொழியில் நிறையப் பேசுங்கள். ஒரு மொழியில் ஆழமாகப் பேசிப் பழகிய பிள்ளை மற்ற மொழிகளைத் தானே பிடித்துக் கொள்ளும்.

செல்போன் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2019ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரையே காட்ட வேண்டாம். இரண்டிலிருந்து நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. அதிலும் குறைந்தால் நல்லது. ஆனால் ஓடி ஆடுவதற்கு மூன்று மணி நேரம் வேண்டும். நம் வீட்டுக் கணக்கு இதற்கு நேர் தலைகீழாக இருக்கிறதா இல்லையா என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பாருங்கள்.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, கடைக்காரர்கள் வாரத்தில் இரண்டு நாளாவது ஒரு மணி நேரம் முன்னதாக வீட்டுக்குப் போக வேண்டும். பங்காளியிடமோ தம்பியிடமோ கல்லாவை ஒப்படையுங்கள். வீட்டில் நுழைந்ததும் போனை அணைத்து அலமாரியில் வையுங்கள். தரையில் உட்காருங்கள். என்ன விளையாட்டு என்பதைப் பிள்ளை தீர்மானிக்கட்டும்.

இரண்டாவது, பொம்மைக்குப் பணம் கொட்ட வேண்டியதில்லை. ஜவுளிக் கடையில் மிஞ்சும் அட்டைப் பெட்டிகளை அடுக்கினால் கோட்டை. காலியான தார்க்குச்சிகள், துணித் துண்டுகள், மண், தண்ணீர் எல்லாம் பொம்மைதான். சைக்கிள் வால்வ் ட்யூபையும் தீக்குச்சியையும் வைத்து வடிவங்கள் செய்யக் கற்றுக் கொடுத்த அரவிந்த் குப்தாவுக்கு 2018ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். எச்சரிக்கை ஒன்று: மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளையின் கையில் நாணயம், மணி, புளியங்கொட்டை, பட்டன் பேட்டரி எதுவும் அகப்படக் கூடாது. தொண்டையில் சிக்கினால் உயிருக்கு ஆபத்து.

மூன்றாவது, நம் தெரு அங்கன்வாடியைக் கைவிடாதீர்கள். 1975 அக்டோபர் 2ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் அது. பால்வாடி ஏழைகளுக்கு என்று சொல்லி ஒதுக்குகிறோம். சத்துமாவும் மதிய உணவும் மட்டுமல்ல, ஆடிப் பாடி விளையாடு பாப்பா என்ற பெயரில் விளையாட்டு வழிப் பாடத்திட்டமே தமிழ்நாட்டு அங்கன்வாடிகளில் இருக்கிறது. அது ஒழுங்காக நடக்கிறதா என்று இளைஞர்கள் போய்ப் பார்க்க வேண்டும். கட்டடம் ஒழுகினால், கழிப்பறை இல்லை என்றால் மனு எழுதிக் கொடுங்கள். ஆறு வயதிலிருந்து 14 வரை கல்வி அடிப்படை உரிமை என்று அரசியல் சட்டத்தின் 21ஏ பிரிவு சொல்கிறது. ஆறு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அது அடிப்படை உரிமை இல்லை. 45ஆவது பிரிவின்படி அரசுக்கு வழிகாட்டுதல் மட்டுமே. கேட்டு வாங்கினால்தான் கிடைக்கும். கேட்கத் தெரியாத வயதினருக்காக நாம் கேட்க வேண்டும்.

நான்காவது, விளையாட இடம் கொடுங்கள். மனைக்கு மனை விலை ஏறி, ஊரில் காலி இடம் அருகிவிட்டது. பள்ளிவாசல் வளாகம், மண்டபம், மதரஸா முற்றம் ஆகியவை மாலையில் சும்மா கிடக்கின்றன. ஒரு மணி நேரம் திறந்து விடலாம். பெண் பிள்ளைகளுக்கும் அதில் சம உரிமை உண்டு. அவர்களுக்கும் கால்கள் இருக்கின்றன. அவர்களுக்கும் ஓட வேண்டும்.

ஐந்தாவது, நம் கடைகளில் 14 வயதுக்கு உட்பட்ட ஒரு பிள்ளையும் டீ வாங்கவோ மூட்டை அடுக்கவோ வேலைக்கு நிற்கக் கூடாது. ஏழை வீட்டுப் பிள்ளை என்றால் உதவித் தொகை கொடுத்துப் பள்ளிக்கு அனுப்புங்கள். தன் பிள்ளைக்குப் பொம்மை வாங்கிக் கொண்டே அடுத்தவர் பிள்ளையிடம் எடுபிடி வேலை வாங்குவது நியாயமா?

ஐக்கிய நாடுகள் சபை 1989ல் நிறைவேற்றிய குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு, விளையாடுவது குழந்தையின் உரிமை என்று சொல்கிறது. 1992ல் இந்தியா அதை ஏற்றுக் கொண்டது. உரிமை என்றால் நாம் மனம் வந்து கொடுக்கும் சலுகை இல்லை. பிள்ளைக்குச் சேர வேண்டிய பாக்கி. பாக்கி வைத்துக் கொண்டு தூங்குபவர் நல்ல வணிகர் ஆக மாட்டார் என்பது உங்களுக்குத் தெரியும். மற்ற பாக்கியைப் பின்னால் வட்டியோடு கட்டலாம். நான்கு வயதில் கொடுக்க வேண்டியதை நாற்பது லட்சம் கொட்டினாலும் பதினான்கு வயதில் கொடுக்க முடியாது.

இன்று இரவு வீட்டுக்குப் போகும்போது பிள்ளை விழித்திருந்தால், மார்க் எவ்வளவு என்று கேட்காதீர்கள். இன்று என்ன விளையாடினாய் என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால், நாளைக்குச் சீக்கிரம் வீடு திரும்புங்கள்.